கட்டி வைத்த கை

“பி.காம் பட்ச்சிட்டு, கண்டவன் கையப் புட்ச்சினு குந்தப் போறியா? எந்த ஊட்ல உன்னப் பொண்ணு கேப்பாங்க?”

என் தாய்மாமா இப்படிக் கேட்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, டீயை ஆற்றியபடி, கோபமே இல்லாமல் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அப்பாவும் அம்மாவும் பூந்தமல்லிப் பக்கம் பிறர் நிலங்களில் நாற்று நட்டவர்கள். அந்த நிலங்கள் மனைகளாக விற்றுப்போனதும் அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வார்ப்பட ஆலைக்கு லோடு ஏற்றப் போனார். அப்படிப்பட்ட குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், கல்லூரியும் முடித்து, ஃபேன் ஓடும் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் பெண் நான். மாமா அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த நாற்காலியை விட்டு எழுந்து, பெயரே வாயில் நுழையாத ஒரு படிப்புக்குப் போகிறேன் என்றால் அவர் என்ன செய்வார்?

அந்தப் படிப்பின் பெயர் ஆக்குபேஷனல் தெரபி. அடிபட்ட உடம்பையும் முடங்கிய உடம்பையும் அன்றாட வேலைக்குத் திரும்பக் கொண்டுவரும் வைத்தியம் என்று நான் விளக்குவேன். சட்டைக்குப் பொத்தான் போடுவது, சோறு பிசைவது, ஸ்பேனர் பிடிப்பது, குழந்தையைத் தூக்குவது. இவை போனால் மாத்திரையில் திரும்பி வராது. ஒருவர் கூடவே உட்கார்ந்து, கையைப் பிடித்து, திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆகவே மாமா சொன்னதில் பாதி உண்மைதான். கண்டவர் கையையும் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஏறக்குறைய பத்து வருடம்.

இப்போது அந்த மருத்துவமனை வேலையை விட்டுவிட்டேன். தலைமைப் பதவி தேடி வந்த நேரத்தில், நாற்பது வயதுகூட ஆகாமல், யாராவது நிரந்தர வேலையை விடுவார்களா என்று என்னோடு வேலை பார்த்த இளையவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது. எழுதிவிடுகிறேன்.

முதலில், கணக்கு எழுதியவள் ஏன் இதற்கு வந்தாள் என்பது. நான் வேலை பார்த்தது எஸ்டேட்டில் ஒரு சிறிய பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டை மெஷினுக்குள் வைத்து மிதித்தால் மேலிருந்து டை என்ற இரும்பு அச்சு இறங்கி அடிக்கும். தகடு கிண்ணமாகவோ வாஷராகவோ வெளியே வரும். கை உள்ளே இருக்கும்போது டை இறங்கினால் என்ன ஆகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் பேசமாட்டார்கள். நான் இருந்த இரண்டு வருடத்தில் பார்த்தசாரதி என்பவருக்கு அது நடந்தது. ஆஸ்பத்திரியில் விரல்களைத் தைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். ஷாப்பில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அவர் திரும்பி வந்தபோது ஐந்து விரலும் இருந்தன, எதுவும் வேலை செய்யவில்லை. முதலாளி அவருக்குத் துடைப்பத்தைக் கொடுத்தார். அதையும் அவரால் பிடிக்க முடியவில்லை.

ஒருநாள் அவருடைய காகிதங்களில் கையெழுத்து வாங்க என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெஞ்சில் பார்த்தசாரதிக்கு எதிரே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவர் சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைக்க முயன்றுகொண்டிருந்தார். அவள் உதவவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் காத்திருந்த நேரம் முழுவதும் அந்த ஒரு பொத்தான்தான். கடைசியில் அது நுழைந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுந்து போய் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளுடைய வேலை எனக்கு வேண்டும் என்று தோன்றியது. இரக்கத்தால் வந்தேன் என்று பிறகு நேர்முகத் தேர்வில் சொன்னேன். அது பொய். கணக்குப் புத்தகத்தில் எழுதுவது எல்லாம் நடந்து முடிந்த பிறகு எழுதுவது. நடக்கும்போதே அங்கே இருப்பவளாக இருக்க ஆசைப்பட்டேன்.

ப்ளஸ் டூவில் உயிரியல் எடுத்திருந்ததால் இடம் கிடைத்தது. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எத்தினி வருசம்?” சொன்னேன். “சரி, படி” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு அப்போதே முதுகு நிமிராது.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட நான்கைந்து வயது சின்னவர்களோடு உட்கார்ந்து எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். அவர்கள் ஆங்கிலத்தில் சிரித்துப் பேசுவார்கள், நான் ஆங்கிலத்தில் பரீட்சை மட்டும் எழுதுவேன். முதல் மதிப்பெண் எனக்கு. தறி நெய்யவும், மரம் இழைக்கவும், கூடை பின்னவும் கற்றுக்கொடுத்தார்கள். அவற்றைக் கொண்டுதான் நோயாளியின் கையைப் பழக்க வேண்டும். கூடை பின்னுவதற்கா கல்லூரி என்று அம்மா சிரித்தாள்.

எண்பதுகளின் கடைசியில், ஆவடிக்குப் போகும் சாலையில் இருந்த ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்ந்தேன். எஸ்டேட்டில் அடிபட்டவர்கள் அறுவை முடிந்ததும் எங்களிடம்தான் வருவார்கள். துறைத் தலைவி மிஸஸ் ஐசக். ஐம்பதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். நாம் தவறாகச் செய்தால் பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். நாமே கண்டுபிடித்துத் திருத்தும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்.

அவர் ஒரு கையைப் பரிசோதிப்பதைப் பார்க்க வேண்டும். அடிபட்ட கையை முதலில் தொடவே மாட்டார். நல்ல கையை வாங்கித் தன் மடியில் வைத்து, விரல் விரலாக மடக்கி நீட்டிப் பார்ப்பார். “இது இவரோட அளவு. இதுக்குத்தான் நாம போகணும்” என்பார். பிறகுதான் மற்ற கை. விரலை நோயாளியே மடக்கும்போது எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானி வைத்து அளப்பார். பிறகு தன் விரலால் மெல்ல அமுக்கி, இன்னும் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று அளப்பார். இரண்டு எண்களையும் சத்தமாகச் சொல்வார், நாங்கள் எழுதுவோம். அளக்கும்போது அவருடைய இடது கை நோயாளியின் முன்கையின் மேல் சும்மா கிடப்பது போலக் கிடக்கும். அது சும்மா கிடக்கவில்லை என்று எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. ஒருவர் உண்மையாகவே விரலை மடக்க முயன்றால் முன்கையின் உள்பக்கத் தசை இறுகும், வெளிப்பக்கம் தளர்ந்திருக்கும். மடக்குவது போலப் பாவனை செய்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து கல்லாகும். முகம் எவ்வளவு வேர்த்தாலும், பல்லை எவ்வளவு கடித்தாலும், முன்கை பொய் சொல்லாது.

எங்களுடைய எண்களுக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. கம்பெனி மருத்துவக் குழு, தொழிலாளிகள் ‘போர்டு’ என்று சொல்வது, ஓர் ஆளுக்கு இனி வேலை செய்யத் தகுதி உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும்போது எங்கள் எண்களைத்தான் கேட்கும். நான் புதிதாகச் சேர்ந்தபோது இதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஏகாம்பரத்தை முதலில் பார்த்தபோது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். மண்ணூர்பேட்டைக்காரர். எஸ்டேட்டில் ஓரளவு பெரிய கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். வலது புறங்கை டைக்கு அடியில் நசுங்கியிருந்தது. எலும்புகளைக் கம்பி வைத்துச் சேர்த்து, பிறகு கம்பியை எடுத்து அனுப்பியிருந்தார்கள். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் இருக்கும் பெரிய முட்டிகள் நேராக விறைத்திருந்தன. கை வீங்கி, பளபளவென்று, ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பியது போல இருந்தது.

இந்த இடத்தை இளையவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த முட்டிகளின் இரண்டு பக்கமும் நார்கள் இருக்கின்றன. விரல் நேராக இருக்கும்போது அவை தொளதொளவென்று இருக்கும். மடங்கும்போது இழுபடும். நேராகவே சில வாரங்கள் கிடந்துவிட்டால், தொளதொளத்த நார் அந்த அளவுக்கே சுருங்கிப்போகும். அதற்குப் பிறகு எவ்வளவு இழுத்தாலும் மடங்காது. ஆகவே காலம்தான் எல்லாம். தினமும் கொஞ்சம் மடக்கி, மடக்கியதை அப்படியே பிடித்துவைக்க வேண்டும்.

மெழுகை உருக்கி, சூடு பார்த்து, அவர் கையை அதில் தோய்த்துத் தோய்த்து எடுப்பேன். வெள்ளை உறை போல மெழுகு படியும். துண்டு சுற்றி வைத்து, ஆறியதும் உரித்துவிட்டு, இளகிய கையில் தேங்காய் எண்ணெய் தடவித் தழும்பை வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். பிறகு ஒவ்வொரு முட்டியாக மடக்குவேன். வலிக்கும். அவர் பேசிக்கொண்டே இருப்பார். அவருக்கு ஆண் பிள்ளை கிடையாது, ஒரே மகள் வசந்தி. அவளைப் பற்றித்தான் பேச்செல்லாம். ப்ளஸ் டூ தேறி, டைப்ரைட்டிங் லோயர் முடித்து, ஹையர் போகிறாள். “எங்க வம்சத்துலியே மொத மொத பேனா புட்ச்சது அவதாம்மா. நீ கையப் புடி, அவ பேனா புடிக்கட்டும்” என்று சிரிப்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவர் மகளையும் பார்க்காமலே பிடித்திருந்தது.

அவருக்கு நானே ஒரு ஸ்ப்ளிண்ட் செய்தேன். வெளிநாட்டுச் சாமான் எதுவும் அப்போது எங்களுக்குக் கிடைக்காது. அலுமினியப் பட்டையை வளைத்து முன்கைக்குத் தாங்கல், சைக்கிள் சக்கரக் கம்பியை நெளித்துக் கொக்கி, விரலுக்குத் தோல் வளையம், இடையில் ரப்பர் பேண்ட். போட்டுக்கொண்டால் ரப்பர் விரல்களை விடாமல் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். மிஸஸ் ஐசக் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் ஒரு கூர்மையை மட்டும் தேய்க்கச் சொன்னார். அது அவரிடம் பெரிய பாராட்டு.

முதல் சில வாரங்கள் எண்கள் ஏறின. கை மூடிவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிறகு நின்றன. பிறகு இறங்கின.

வீட்டில் ஸ்ப்ளிண்ட் போடுகிறாரா என்று கேட்டேன். போடுகிறேன் என்றார். வருவது குறைந்தது. வரும் நாட்களிலும் முன்போலப் பேசுவதில்லை. ஒருநாள் விரலை மடக்கச் சொன்னேன். முகம் சிவக்க முயன்றார். என் இடது கை அவர் முன்கையின் மேல் இருந்தது. இரண்டு பக்கமும் கல்.

கையைத் திருப்பிப் பார்த்தேன். விரல்களின் மேல் குறுக்காக மூன்று பட்டை, துணி அழுத்திய தடம். என் ஸ்ப்ளிண்ட்டில் அந்த இடங்களில் வாரே கிடையாது. உள்ளங்கைப் பக்கம் ஒரு நேர்கோடு, மர ஸ்கேலின் விளிம்பு பதிந்தது போல.

“அண்ணே, விரலை நீட்டி வெச்சிக் கட்டுறீங்களா?” என்று கேட்டேன்.

சுற்றிலும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவருடைய கம்பெனியில் யூனியன் போட்ட ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அடிபட்ட தொழிலாளிக்கு வேலை செய்யத் தகுதி இல்லை என்று போர்டு எழுதிவிட்டால், அவர் பிள்ளைகளில் ஒருவருக்குக் கம்பெனியில் வேலை. வாரிசு வேலை என்பார்கள். கை பாதி சரியானால் அதுவும் இல்லை. அவரையே திரும்ப எடுத்து ஏதாவது எடுபிடி வேலையில் போட்டுவிடுவார்கள். கை மூடுகிறதா என்று டாக்டர் கேட்கும்போது நடித்துவிடலாம். ஆனால் நாங்கள் அமுக்கி அளக்கிறோமே, அந்த எண்ணும் போர்டுக்குப் போகிறதே, அதற்கு நடிக்க முடியாது. அதனால்தான் கட்டு.

“கைய அடகு வச்சிகீறேம்மா, அவ்ளோதான். அவளுக்கு ஆர்டர் வந்ததும் மூட்டுக்கறேன். நீதான் கீறியே, சரி பண்ணிட மாட்ட?”

மீட்க முடியாது என்று சொன்னேன். நார் சுருங்குவதைப் படம் போட்டுக் காட்டினேன். ஒரு ரப்பர் பேண்டையும் ஒரு நூலையும் இழுத்துக் காட்டி, இன்றைக்கு உங்கள் முட்டி இது, போர்டு முடியும்போது இது என்றேன். அவர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை. கை உடைந்தவர்களுக்கெல்லாம் நான் சரி செய்வதை அவர் அதே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். என்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கைதான் எனக்கு எதிராக நின்றது.

அழுத்திப் பேசினேன். ஒரு வேலைக்காக வாழ்நாள் முழுவதற்கும் கையை விடுவது முட்டாள்தனம் என்றும் சொல்லியிருப்பேன். அப்போதுதான் அவர் அதைக் கேட்டார்.

“உங்கப்பா இன்னா வேல பண்றாரு?”

லோடு ஏற்றுகிறார் என்றேன்.

“முதுகு நல்லா கீதா?”

நான் ரப்பர் பேண்டை மேசையில் வைத்தேன்.

“உன்ன படிக்க வெக்க அவரு முதுகக் குட்த்தாரு. நான் கையக் குடுக்கறேன். அவரு குட்த்தா சரி, நான் குட்த்தா தப்பா?”

மிஸஸ் ஐசக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, “அளந்ததை எழுது. கூட்டியும் எழுதாதே, குறைச்சும் எழுதாதே” என்றார். கட்டு போடுகிறார் என்று எழுதலாமா என்று கேட்டேன். “அதை நீ அளக்கலியே” என்றார். வீட்டில் போய்ப் பேசட்டுமா என்றேன். “வீடு நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல, அமுதா.”

அவரை நான் குறை சொல்ல வரவில்லை. கட்டைப் பற்றி எழுதியிருந்தால் ஏகாம்பரத்துக்கு வேலையும் போயிருக்கும், மகளுக்கும் கிடைத்திருக்காது. அதை எழுத என் கையும் ஓடவில்லை.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணூர்பேட்டைக்குப் போனேன். ஓடு போட்ட வரிசை வீடுகள். பின்புறம் ஏதோ கம்பெனியின் சுவர். ஏகாம்பரம் வெளியே போயிருந்தார், வசந்தியும் இல்லை. அவர் மனைவி சகுந்தலா என்னை உட்காரவைத்து டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். நான் கட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், “நான்தாம்மா கட்றேன். ஒத்தக் கையால அவரே எப்டிக் கட்டிக்குவாரு?” என்றார். கொடியில் பழைய புடவையில் கிழித்த பட்டைகள் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன.

“இன்னும் எத்தினி வருசம் சர்வீசு கீது அவுருக்கு? எட்டோ, ஒம்பதோ. பொண்ணுக்கு முப்பது வருசம் கீது. நீயே சொல்லு, எது பெருசு?” என்று கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “வசந்திக்கு ஒண்ணும் தெரியாது. கை தானா மடங்கலன்னு நெனச்சிகினு கீறா. அவகிட்ட சொல்லிடாதம்மா. தெரிஞ்சா வேலைக்கும் போவாது, ஒயுங்கா சோறும் துன்னாது.”

தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். வழியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பூட்டியிருந்தது.

போர்டு உடனே கூடவில்லை. ஒருமுறை தள்ளிப்போனது. பிறகு டாக்டர் ஊரில் இல்லை என்று மீண்டும் தள்ளிப்போனது. அந்த நாட்கள் எல்லாம் கை கட்டில் இருந்தது. போர்டுக்கு முன் நான் அளந்தபோது, அவர் மடக்குவதும் நான் அமுக்கி மடக்குவதும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வந்தன. முன்கையில் கை வைத்தேன். உள்பக்கம் மட்டும்தான் இறுகியது. அன்றைக்கு அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே முயன்று பார்த்தார். அவருக்கே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். முட்டி அசையவில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. எண்ணைச் சத்தமாகச் சொன்னேன், பக்கத்தில் இருந்தவள் எழுதினாள்.

தகுதி இல்லை என்று போர்டு எழுதியது.

சில வாரம் கழித்து ஒரு காலையில் ஏகாம்பரம் வந்தார். புதுச் சட்டை. இடது கையில் இனிப்புப் பொட்டலம். கூடவே வசந்தி. அப்போதுதான் அவளை முதலில் பார்த்தேன். மெலிந்த பெண், எண்ணெய் வைத்து வாரிய தலை, கம்பெனியில் தந்த அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமல் வந்திருந்தாள். இன்ஸ்பெக்ஷனில், செய்த சாமானைச் சரிபார்க்கும் வேலை என்றாள். என்னைப் பார்த்து, “அப்பா உங்களப் பத்திதான் மேடம் சொல்லிகினே இருப்பாரு” என்று சிரித்தாள்.

ஏகாம்பரம் நேராகப் போய்த் தன் பழைய பெஞ்சில் உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்தார்.

“எல்லாம் முடிஞ்சிச்சிம்மா. இப்ப ஆரம்பி.”

மெழுகு வைத்தேன். எண்ணெய் தேய்த்தேன். முட்டியைப் பிடித்து அமுக்கினேன். அனுபவப்பட்ட விரலுக்குத் தெரியும், இடம் கொடுக்கப்போகும் முட்டி கடைசியில் கொஞ்சம் நெகிழும். இது மேசை விளிம்பை அமுக்குவது போல இருந்தது. நான்கு விரலும் அப்படித்தான். வேண்டுமென்றே மெதுவாகப் பார்த்தேன், முடித்துவிட்டுப் பேச வேண்டியிருக்குமே என்று.

“இனிமே மடங்காதுண்ணே.”

“இன்னாம்மா நீ, கட்டத்தான் அவுத்துட்டமே. ஆர்டர் வந்த அன்னிக்கே அவுத்தாச்சி” என்றார் அவர்.

வசந்தி அப்பாவைப் பார்த்தாள்.

“இன்னா கட்டு?”

ஏகாம்பரம் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். கணக்குப் போட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. படித்த பெண். கழுத்திலிருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன ஒரு வார்த்த கேட்டியாப்பா?”

அவர் இடது கையால் இனிப்புப் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தினார்.

“மேடத்துக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான வேல? என்ன ஒருத்தரும் கேக்கல.”

அவள் அழவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். வேலையை விடவும் இல்லை. எப்படி விடுவாள்? அதற்குக் கொடுத்ததைத் திரும்பத் தர யாராலும் முடியாதே.

அதன் பிறகு பல மாதம் ஏகாம்பரம் வந்தார். அவருக்கு இடது கையால் சாப்பிடவும் கையெழுத்துப் போடவும் பழக்கினேன். அறுவை செய்து நார்களை விடுவிக்கலாமா என்று கேட்டு டாக்டரிடம் அனுப்பினேன். தழும்பு அதிகம், பிரயோஜனம் இருக்காது என்றார்கள். இடது கையால் சோறு உண்ண அவருக்குக் கடைசிவரை கூச்சம் போகவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மகளைப் பற்றிய பேச்சு நின்றிருந்தது. ஒரே வீட்டில் இருந்தார்கள், அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. ஆனால் அவள் அவருடைய வலது கையைப் பார்ப்பதே இல்லை என்று சகுந்தலா ஒருநாள் என்னிடம் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் நான் மருத்துவமனையை விட்டிருக்கமாட்டேன். எஸ்டேட்டில் ஏகாம்பரத்தின் கதை வேறு விதமாகப் பரவியது. கை திரும்பவே இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை, கட்டு போட்டதும் மகளுக்கு வேலை கிடைத்ததும் மட்டும் தெரிந்தது. இன்னும் சில கம்பெனிகளிலும் அதே மாதிரி ஒப்பந்தம் வந்தது. தொண்ணூறுகளில் புதிதாக ஆள் எடுப்பது நின்றுபோனதும், வாரிசு வேலையை விட்டால் வேறு வாசல் இல்லை என்று ஆனது. விரலில் துணித் தடத்தோடு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் முழங்கையை நீட்டியே வைத்திருந்தார், இன்னொருவர் மணிக்கட்டை. நான் ஒவ்வொருவருக்கும் ரப்பர் பேண்டையும் நூலையும் காட்டினேன். ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். எண்கள் இறங்கின. சத்தமாகச் சொன்னேன்.

மிஸஸ் ஐசக் ஓய்வு பெற்றபோது தன் கோணமானியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவருடைய நாற்காலி எனக்கு என்று நிர்வாகம் சொன்னது. அதில் உட்கார்ந்தால் போர்டுக்குப் போகும் ஒவ்வொரு கைக்கும் நான்தான் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டும். வீடு நம்ம டிபார்ட்மெண்ட் இல்லை என்று அடுத்து வரும் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டும். என்னைக் கர்வக்காரி என்பார்கள். இருக்கட்டும். ஒரு முட்டி மடங்கும் என்று தெரிந்தும் அது மரமாவதை வாராவாரம் அளப்பதற்கு நான் படிக்கவில்லை. விலகல் கடிதம் கொடுத்தேன்.

இப்போது வீடுகளுக்குப் போகிறேன். அறுவை டாக்டர் ஒருவர், தையல் பிரிப்பதற்கு முன்பே எனக்குச் சொல்லி அனுப்புகிறார். போர்டைப் பற்றி யாரும் அந்த வீட்டில் பேசத் தொடங்குவதற்குள் நான் போய்விட வேண்டும். மெழுகுச் சட்டி, பம்ப் ஸ்டவ், சைக்கிள் கம்பி, இடுக்கி எல்லாம் ஒரு பையில். எதையும் எழுதுவதில்லை, யாருக்கும் எண் கொடுப்பதில்லை. போனதும் அடிபட்டவரிடம் பேசுவதில்லை. அவர் பிள்ளையைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைக்கிறேன்.

சென்ற வாரம் வேலப்பன்சாவடியில் ஒரு வீடு. அப்பாவுக்கு வலது புறங்கை. மகன் ஐ.டி.ஐ. முடித்து, ஒன்றரை வருடமாக வேலை இல்லாமல் இருக்கிறான். கை மடங்காமல் போனால் அவனுக்கு வேலை கிடைக்கும் என்பதை அவன் அப்பா சொல்வதற்கு முன் நானே சொன்னேன். மடக்காமல் விட்டால் கை இன்னும் சில வாரத்தில் இறுகிவிடும், அப்புறம் யாராலும் மடக்க முடியாது என்பதையும் சொன்னேன். இரண்டையும் ஒன்றாகச் சொன்னேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெழுகை உரித்து, எண்ணெய் தடவி, அப்பாவின் கையை எடுத்து மகன் கையில் வைத்தேன். கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு அமுக்க வேண்டும், வலி எந்த அளவுக்கு ஏறினால் நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். என் கையை எடுத்துக்கொண்டேன். “தம்பி, இனிமே இது உன் வேலை” என்றேன்.

அவன் அந்தக் கையையே வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு முதல் முட்டியை மடக்கினான்.